எது முதலாவது, எது கடைசி? – சங்கத்தின் கணக்கைக் கணனியிடம் கேட்போம்

எமது மாதர் சங்கங்களில் கணக்குக் கொப்பி இல்லாத சங்கம் இல்லை என்றே சொல்லலாம். திகதி, பொருள், தொகை, ஓரத்தில் பொருளாளரின் கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருக்கும். வரவும் செலவும் சதம் பிசகாது. ஆனால் "உங்கட சங்கத்தில் ஆகக் கூட விற்கிற மூன்று பொருள் எது, ஆகக் குறைய விற்கிற இரண்டு பொருள் எது?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கொப்பியைப் புரட்டி உடனே பதில் சொல்ல இயலாது. அப்படியான வேளையில் கூட்டத்தில் உரத்துப் பேசுகிறவர் சொல்வதுதான் பதிலாகிவிடுகிறது. மூலையில் இருந்து பெட்டி இழைக்கிற அம்மாவின் பொருள் பட்டியலின் அடிக்குப் போய்விடுகிறது.

இது சின்ன விடயம் அல்ல. வாழ்வாதார உதவி வழங்குகிற நிறுவனங்களின் விண்ணப்பப் படிவங்களில் "முன்னணி உற்பத்திகள் மூன்று" என்றொரு பகுதி இருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். பொதி செய்யும் இயந்திரமோ அரைக்கும் இயந்திரமோ அந்த மூன்றுக்குத்தான் கிடைக்கும். "கைவிடக்கூடிய உற்பத்திகள்" என்று இன்னொரு பகுதியும் சில படிவங்களில் உண்டு. அந்தக் கட்டத்தில் எழுதப்படுவது ஒரு பொருளின் பெயர்தான். ஆனால் அந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது.

வன்னிப் பகுதியில் நான் கூடப் பணியாற்றும் சங்கம் ஒன்றில் கடந்த பங்குனிக் கூட்டத்தில் இதே கேள்வி வந்தது. பதினொரு பேர் உள்ள சங்கம். அநேகமானோர் குடும்பத் தலைமை தாங்கும் பெண்கள். சிலர் கணவனை இழந்தவர்கள், சிலர் காணாமல் ஆக்கப்பட்டவரை இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள். எட்டு வகைப் பொருட்கள் செய்கிறார்கள். சங்கத்தின் பெயரையும் ஊரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். தொகைகளையும் விளங்குவதற்கு இலகுவாக முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

"மிஸ், இதென்ன பெரிய கேள்வி, தூள்தான் முதலாவது, பெட்டிதான் கடைசி" என்றார் தலைவி. அவர் சொன்னதில் பாதி சரி.

கொப்பியில் இருந்து தாளுக்கு

எக்செல் என்கிற விரிதாள் மென்பொருளைப் பலர் கணனி வகுப்பில் படித்துவிட்டு, பெயர்ப் பட்டியல் தட்டச்சு செய்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். விரிதாளின் உண்மையான வேலை கணக்குப் பார்ப்பதுதான். 1979இல் வெளிவந்த விசிகல்க் என்ற முதலாவது விரிதாளும் அதற்காகவே எழுதப்பட்டது. எக்செல் 1985இல் வந்தது. எக்செல் வாங்க வசதி இல்லாவிட்டால் லிப்ரே ஒபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கைத்தொலைபேசியில் கூகுள் ஷீட்ஸ் போதும். கீழே சொல்லும் சூத்திரங்கள் மூன்றிலும் வேலை செய்யும். சூத்திரங்களின் பெயரை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் தருகிறேன். தாளில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும். நிரல்களின் எழுத்தும் அப்படியே.

முதலில் ஒவ்வொரு விற்பனையையும் ஒரு நிரையில் எழுதுங்கள். ஏ நிரலில் திகதி, பி நிரலில் பொருள், சி நிரலில் எண்ணிக்கை, டி நிரலில் விற்ற தொகை, ஈ நிரலில் அதற்கான செலவு. ஒரு நிரையில் இரண்டு பொருளைச் சேர்த்து எழுதக்கூடாது. எங்கள் பொருளாளர் தங்கச்சி மூன்று மாதக் கொப்பியை இப்படி ஏற்ற இரண்டு பின்னேரம் எடுத்தார். முழு வேலையிலும் இதுதான் களைப்பான பகுதி.

அடுத்து ஜி நிரலில் ஜி2 முதல் ஜி9 வரை எட்டுப் பொருட்களின் பெயரையும் ஒருமுறை மட்டும் எழுதுங்கள். எச்2 கட்டத்தில் இந்தச் சூத்திரம்:

=சம்இஃப்(பி:பி,ஜி2,டி:டி)

"பி நிரலில் ஜி2இல் உள்ள பெயர் எங்கெங்கு வருகிறதோ, அந்த நிரைகளின் டி நிரல் தொகைகளைக் கூட்டு" என்பது இதன் பொருள். அதைக் கீழே எச்9 வரை இழுத்துவிட்டால் எட்டுப் பொருளுக்கும் மொத்த விற்பனை வந்துவிடும். எமக்கு வந்தது: மிளகாய்த்தூள் 96,000, வறுத்த அரிசிமா 72,000, உழுத்தம்மா 45,000, ஒடியல்மா 38,000, எள்ளுருண்டை 31,000, மோர்மிளகாய் 18,000, பனையோலைப் பெட்டி 14,000, பனாட்டு 6,000. மொத்தம் 320,000 ரூபா.

இது ஒரே தடவையில் வரவில்லை. முதல் முறை மொத்தம் கொப்பியை விடக் குறைவாக இருந்தது. ஏன் என்று தேடியபோது கிடைத்த காரணங்கள் எல்லாச் சங்கத்துக்கும் பொதுவானவை என்பதால் சொல்கிறேன். ஒரு இடத்தில் "உழுத்தம்மா", இன்னொரு இடத்தில் "உளுத்தம்மா" என்று எழுதப்பட்டிருந்தது. எமக்கு இரண்டும் ஒன்று, கணனிக்கு இரண்டும் வெவ்வேறு. பெயருக்குப் பின்னால் ஒரு இடைவெளி கூடினாலும் இதே கதிதான். தொகையை எமது வழக்கப்படி "1250/=" என்று எழுதினால் கணனி அதை எண்ணாக எடுக்காது, சொல்லாக எடுக்கும். அந்தத் தொகையைக் கூட்டாமல் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆகவே 1250 என்று மட்டும் எழுதுங்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுப் பழகியவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. பாமினியில் ஆங்கிலச் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு தமிழ் எழுத்துகள். ஆனால் சம்இஃப் சூத்திரம் சிறிது பெரிது பார்ப்பதில்லை. அதனால் பாமினியில் எழுதிய "பட்டு"ம் "புட்டு"ம் அதற்கு ஒன்றுதான். புட்டு விற்கிற அக்காவின் காசு பட்டுச்சேலைக் கணக்கில் போய்ச் சேரும். யூனிகோட்டில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. கொப்பியின் மொத்தமும் தாளின் மொத்தமும் ஒன்றாகும் வரை அடுத்த படிக்குப் போகவேண்டாம்.

முதலாவதும் கடைசியும்

இப்போது உரிய கேள்வியைக் கேட்கலாம். =லார்ஜ்(எச்2:எச்9,1) என்று எழுதினால் ஆகப் பெரிய தொகையான 96,000 வரும். கடைசியில் உள்ள 1ஐ 2 ஆக்கினால் இரண்டாவது, 3 ஆக்கினால் மூன்றாவது. அடியில் இருந்து பார்க்க =ஸ்மோல்(எச்2:எச்9,1) என்று எழுத 6,000 வரும், 2 என்றால் 14,000.

தொகை வந்தால் போதாது, பெயர் வேண்டுமே. அதற்கு இரண்டு சூத்திரங்களைச் சேர்க்க வேண்டும்:

=இண்டெக்ஸ்(ஜி2:ஜி9,மெட்ச்(லார்ஜ்(எச்2:எச்9,1),எச்2:எச்9,0))

நீளமாக இருக்கிறது என்று பயப்படவேண்டாம், உள்ளே இருந்து வெளியே வாசியுங்கள். லார்ஜ் பெரிய தொகையை எடுக்கிறது. மெட்ச் அந்தத் தொகை எத்தனையாவது நிரையில் இருக்கிறது என்று தேடுகிறது. இண்டெக்ஸ் அதே நிரையில் உள்ள பெயரைக் கொண்டுவருகிறது. முடிவில் உள்ள 0 "சரியாக அதே தொகை" என்பதைக் குறிக்கும். அதை விட்டால், தொகைகள் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு கணனி பிழையான பெயரைத் தரக்கூடும். பிழை என்று அது சொல்லவும் மாட்டாது. எக்செல் 2021இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் =சோர்ட்(ஜி2:எச்9,2,-1) என்ற ஒரே வரி முழுப் பட்டியலையும் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கித் தரும். பழைய கணனிகளில் அது இல்லை. எமது அலுவலகங்களில் இருப்பவை அநேகமாகப் பழைய கணனிகள்தான்.

ஆக, விற்பனைப்படி முதல் மூன்றும் மிளகாய்த்தூள், அரிசிமா, உழுத்தம்மா. கடைசி இரண்டும் பனாட்டும் பெட்டியும். தலைவி சொன்னதற்குக் கிட்டத்தட்ட ஒத்திருந்தது. படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வைக்கலாம் என்றார்கள்.

அந்த இடத்தில் பெட்டி இழைக்கிற அம்மா ஒரு கேள்வி கேட்டார். அவர் காலில் செல் துண்டோடு வாழ்பவர், வறுக்கிற இடிக்கிற வேலைக்கு நிற்க முடியாதவர். "பிள்ளை, தூளுக்குச் செத்தல் வாங்கிற காசும் இதுக்குள்ளயோ?" என்றார்.

அதே தாள், வேறு கேள்வி

ஈ நிரலில் செலவு இருக்கிறதல்லவா? ஐ2 கட்டத்தில் விற்பனையில் இருந்து செலவைக் கழித்தோம்: =எச்2-சம்இஃப்(பி:பி,ஜி2,ஈ:ஈ). ஐ9 வரை இழுத்ததும் பட்டியல் புரண்டது.

மிளகாய்த்தூளுக்கு 84,000 செலவு, மிச்சம் 12,000. ஒடியல்மாவுக்கு 14,000தான் செலவு, மிச்சம் 24,000. அரிசிமாவில் 18,000. பெட்டிக்குச் சாயத்துக்கும் பஸ்ஸுக்கும் 3,000 போக 11,000. உழுத்தம்மாவில் 9,000, எள்ளுருண்டையில் 9,000, மோர்மிளகாயில் 7,000, பனாட்டில் 3,500. விற்பனையில் முப்பது வீதத்தைத் தருகிற தூள், இலாபத்தில் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிட்டது. காரணம் விளங்கக் கடினமானது அல்ல. இலங்கைக்குத் தேவையான செத்தல் மிளகாயில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து இறக்குமதியாகிறது. 2022இல் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவரை ஏறியபோது செத்தலின் விலைக்கு என்ன நடந்தது என்பது அடுப்படியில் நிற்கிற எல்லோருக்கும் தெரியும். ஒடியல் எமது வளவில் கிடக்கிற பனங்கிழங்கு, அதற்கு டொலர் தேவையில்லை.

நூறு ரூபாவுக்கு விற்றால் எவ்வளவு மிஞ்சுகிறது என்றும் பார்த்தோம். பெட்டிக்கு 78 ரூபாவுக்கு மேல், ஒடியல்மாவுக்கு 63, பனாட்டுக்கு 58, தூளுக்குப் பன்னிரண்டரை. "கைவிடலாம்" என்ற கட்டத்தில் எழுதப்படவிருந்த இரண்டும் இந்தப் பட்டியலில் முதலாம், மூன்றாம் இடங்களில் நின்றன!

கொண்டாட முன் ஒரு விடயம். இந்தச் செலவில் எமது உழைப்பு சேர்க்கப்படவில்லை. பெண்களின் சுயதொழில் கணக்குகளில் அநேகமாக அது சேர்வதே இல்லை. சமூகவியல் வகுப்பில் நான் படித்த ஊதியமில்லா உழைப்பு என்ற பாடத்தைக் கண்ணால் கண்டது இந்தக் கொப்பிகளில்தான். எனவே ஒவ்வொருவரையும் குத்துமதிப்பாக மணித்தியாலம் சொல்லச் சொன்னோம். ஒரு பெட்டிக்கு ஓலை வார்ந்து, சாயம் போட்டு, இழைத்து முடிக்க ஐந்து மணித்தியாலம். 350 ரூபாப்படி நாற்பது பெட்டி, இருநூறு மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு 55 ரூபா! ஒடியல்மாவுக்கு 160 மணித்தியாலம், மணிக்கு 150 ரூபா. தூளுக்கு 60 மணித்தியாலம்தான், மணிக்கு 200 ரூபா. திரும்பவும் தூள் மேலே வந்துவிட்டது. தலைவி சிரித்தார், பெட்டி அம்மா சிரிக்கவில்லை.

கணனி பொய் சொல்லவில்லை. நாம் ஒவ்வொரு முறையும் வேறு கேள்வியைக் கேட்டோம். பள்ளிக்கூடம் விடும் முன் வேலையை முடிக்க வேண்டிய இளந்தாய்க்கு மணித்தியாலக் கணக்கு முக்கியம். வீட்டை விட்டு வெளிக்கிட முடியாத, முதல் போட வழியில்லாத ஒருவருக்கு நூறு ரூபாவில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான் முக்கியம்.

இன்னொரு கேள்வி பொருளாளரிடம் இருந்து வந்தது, என் பார்வையில் அதுவே எல்லாவற்றிலும் பெறுமதியானது. கைக்கு வந்த காசு எவ்வளவு? அரிசிமா முழுவதும் கைக்காசுக்கு விற்றது. தூள் கடைகளுக்குக் கடனுக்குக் கொடுத்தது, 31,000 இன்னும் வரவில்லை. ஆக, வந்தது 65,000, செலவழித்தது 84,000. தாளில் முதலாவதாக நிற்கிற பொருள் மூன்று மாதமாகச் சங்கத்தின் காசில் 19,000ஐ விழுங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. அந்த ஓட்டையை அடைக்க உறுப்பினர் ஒருவர் நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை தவணை கட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. நுண்கடன் எமது பெண்களை என்ன செய்தது என்பதை நான் விளக்கத் தேவையில்லை. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்க வேண்டி வந்தது. விற்பனைத் தொகைக்குப் பக்கத்தில் "வந்த காசு" என்று ஒரு நிரல் வைத்திருங்கள். அதற்கும் லார்ஜ், ஸ்மோல் போட்டுப் பாருங்கள்.

பட்டியலில் இருந்து காணாமல் போனவர்

இலாபப் பட்டியலை முதலாவதில் இருந்து எட்டாவது வரை பெயரோடு எடுத்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. ஐந்தாவதும் உழுத்தம்மா, ஆறாவதும் உழுத்தம்மா. எள்ளுருண்டையைக் காணவில்லை. "அப்ப நான் மூண்டு மாசமா உருட்டினது?" என்று கேட்டார் அதைச் செய்கிறவர்.

இரண்டும் 9,000 என்பதால் வந்த வினை. மெட்ச் சூத்திரம் மேலிருந்து தேடும், முதலில் கண்ட 9,000இலேயே நின்றுவிடும். இதற்கு ஒரு கைவைத்தியம் உண்டு. பக்கத்து ஜே நிரலில் =ஐ2+ரோ()/1000000 என்று எழுதி இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு தொகையோடும் அதன் நிரை இலக்கத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு சேரும். காசுக்கணக்கில் அது ஒன்றுமே இல்லை, ஆனால் எந்த இரண்டு தொகையும் சமமாகாது. லார்ஜையும் மெட்ச்சையும் ஜே நிரலில் ஓடவிட்டால் எள்ளுருண்டை திரும்பி வந்துவிடும். ஐந்தாவது யார், ஆறாவது யார் என்பதற்கு அங்கே அர்த்தமில்லை, இருவரும் சமம் என்று பக்கத்தில் குறிப்பு எழுதுங்கள்.

கடைசி இடத்தைப் பார்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒரு பொருள் அந்தக் காலத்தில் விற்கப்படவே இல்லை என்றால் சம்இஃப் 0 என்று தரும், ஸ்மோல் அதைத்தான் முதலில் பிடிக்கும். வெறும் கட்டத்தை அது கணக்கில் எடுக்காது, 0ஐ எடுக்கும். விற்க முயன்றும் விலைபோகாததும், செய்யவே இல்லாததும் ஒன்றல்ல. பனாட்டின் கதையும் இதுதான். ஆவணி, புரட்டாதியில் பனம்பழம் விழும்போது செய்கிற பொருளைத் தை முதல் பங்குனி வரையான கணக்கில் தேடினால் அடியில்தானே நிற்கும்? அதேபோல் ஒடியல்மா மேலே நின்றதற்கும் கிழங்குக் காலம் ஒரு காரணம். ஒரு வருடக் கணக்கு இல்லாமல் எந்தப் பொருளையும் கைவிட ஒத்துக்கொள்ளாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். நிறுவன உத்தியோகத்தர்கள் சிலருக்கு இது பிடிக்காது, எனக்குத் தெரியும்.

எம்மையும் வரிசைப்படுத்துகிறார்கள்

இதைப் படிக்கிற பலருக்கு வரிசைப் பட்டியல் புதிய விடயம் அல்ல. நிவாரணம், வீட்டுத்திட்டம் என்று எத்தனை பட்டியல்களில் எமது பெயர் ஏறி இறங்கியிருக்கிறது! 2023 யூலையில் தொடங்கிய அஸ்வெசும திட்டமும் இவ்வாறான கணக்கில்தான் நிற்கிறது. 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பத்துக்குப் புள்ளி கணித்து, அதன்படி வகை பிரித்தார்கள். பட்டியல் வெளிவந்ததும் பெருந்தொகையான மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரு வகையின் எல்லையில் நிற்கிற குடும்பத்துக்கு ஒரு குறிகாட்டியில் தவறான பதிவு விழுந்தாலே வகை மாறிவிடக்கூடும். "கணனி அப்பிடித்தான் சொல்லுது" என்று மேசைக்கு அப்பால் இருந்து ஒருவர் சொன்னால், எந்தக் கேள்விக்கு அது அப்படிச் சொல்லுகிறது, எந்தத் தகவலை வைத்துச் சொல்லுகிறது என்று கேட்க எமக்கு உரிமை உண்டு. ஒருமுறையாவது தன் கையால் எட்டுப் பொருளை வரிசைப்படுத்திப் பார்த்த பெண்ணுக்கு அந்தக் கேள்வி தயங்காமல் வருகிறது. இதை இந்தச் சங்கத்திலேயே கண்டேன். உழுத்தம்மா செய்கிற அக்கா அடுத்த கிழமை பிரதேச செயலகத்துக்குப் போய், தன் வீட்டுப் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

படிவத்துக்கு என்ன எழுதினோம் என்று கேட்பீர்கள். முன்னணி மூன்றாக ஒடியல்மா, அரிசிமா, மிளகாய்த்தூள் என்று இலாபப் பட்டியலின்படி எழுதினார்கள். பொதி ஒட்டும் இயந்திரம் மூன்றுக்கும் உதவும். தூளைக் கடனுக்குக் கொடுப்பது இரண்டு கடைக்கு மட்டும், அதுவும் இரண்டு கிழமைத் தவணைக்கு என்று தீர்மானம் எடுத்தார்கள். "கைவிடக்கூடியவை" என்ற கட்டத்தில் கோடு போட்டு, "பனாட்டு பருவகாலப் பொருள், வருடக் கணக்கு இணைக்கப்படும்" என்று பொருளாளர் தெளிவான கையெழுத்தில் எழுதினார்.

பெட்டியைப் பற்றித்தான் நீண்ட நேரம் கதைத்தார்கள். மணிக்கு 55 ரூபா என்ற எண் எல்லோரையும் உறுத்தியிருந்தது. கடைசியில் விலையை 350இல் இருந்து 450 ஆக்குவது என்று முடிவானது. "நானூற்றைம்பதுக்கு ஆர் பிள்ளை வாங்குவினம்?" என்று அம்மா கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் கோயில் திருவிழாவுக்குப் பன்னிரண்டு பெட்டி போனது, எல்லாம் 450க்கு. பொருளாளர் தங்கச்சி அந்த நிரையைத் தாளில் ஏற்றிவிட்டு, அம்மாவைக் கூப்பிட்டு எச் நிரலில் தொகை மாறுவதைக் காட்டினார். ஆடிக் கூட்டத்துக்கு முன் அடுத்த மூன்று மாதக் கணக்கையும் ஏற்றி முடிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.